விளையாட்டில் விழித்திருந்தால் போதுமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டு புதுநகரில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் எண்ணூருக்கு அடுத்த நிலையம் அது. எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தின் மேல் போகும். அப்போது கிழக்கே பார்த்தால் அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தெரியும். அந்தப் பக்கத்தில் வசிக்கும் உங்களில் பலருக்கு இது தினமும் பார்க்கும் காட்சிதான்.

அக்காள் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். நான் உள்ளே நுழைந்தபோது கணிப்பொறியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். திரையில் வெள்ளை ஓடுகள் பதித்த ஒரு சுரங்கப்பாதை. அதில் யாரோ நடந்து போவது போலக் காட்சி நகர்ந்து கொண்டிருந்தது. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை, பேய் கூட இல்லை. "என்னடா இது, வெறும் நடையா?" என்று கேட்டேன். "பேசாதீங்க மாமா, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றான்.

அவன் எதை எண்ணினான் என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

விளையாட்டின் விதி

அந்த விளையாட்டின் பெயர் 'எட்டாம் எண் வழி'. ஜப்பானில் கொட்டாகே கிரியேட் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் உருவாக்கி, 2023 நவம்பரில் வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஆடி முடித்து விடலாம். சிறிய விளையாட்டுதான் என்றாலும் உலகம் முழுவதும் பரவியது. 2025-இல் ஜப்பானில் இதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

விதி மிகவும் எளியது. நீங்கள் ஒரு சுரங்க நடைபாதையில் மாட்டிக் கொண்டிருக்கிறீர்கள். ஒரு பக்கச் சுவரில் விளம்பரத் தாள்கள், மறு பக்கத்தில் சில கதவுகள், மேலே விளக்குகள். எதிரே ஒரு மனிதர் கையில் பெட்டியுடன் நடந்து வருவார். பாதை முடிந்து திரும்பினால் மறுபடியும் அதே பாதை. முதலில் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து மனத்தில் பதிய வைத்துக் கொள்ள வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மாறியிருந்தால் உடனே வந்த வழியே திரும்பி விட வேண்டும். மாறவில்லை என்றால் நேரே போக வேண்டும். சரியாக முடிவெடுத்தால் பலகையில் உள்ள எண் ஒன்று கூடும். தவறினால் மீண்டும் சுழியம். எட்டு வரை வந்தால் வெளியேறலாம்.

மாற்றங்களில் சில பெரியவை. விளக்குகள் அணைந்து விடும், சிவப்புத் தண்ணீர் வெள்ளமாகப் பாய்ந்து வரும். இவற்றைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டியதில்லை. சில மிகச் சிறியவை. கதவின் கைப்பிடி ஓரத்தில் இல்லாமல் நடுவில் இருக்கும். விளம்பரத்தில் உள்ள கண்கள் உங்களையே தொடர்ந்து பார்க்கும். எதிரே வருபவர் இலேசாகச் சிரிப்பார். நான் மூன்று முறை ஆடிப் பார்த்தேன். மூன்று முறையும் சுழியத்துக்கே வந்து சேர்ந்தேன்.

இதில் பயம் எங்கிருந்து வருகிறது? பேயிடமிருந்து அல்ல. 'நான் முன்பு பார்த்தது இப்படித்தானா, இல்லையா?' என்று நம் நினைவின் மீதே நமக்குச் சந்தேகம் வருகிறதே, அதிலிருந்து வருகிறது. நன்றாகத் தெரிந்த இடத்தில் ஏதோ ஒன்று சரியில்லை; ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை. இந்த நிலை மனிதனுக்கு மிகவும் பழைய அச்சம். புதரில் ஒரு கிளை அசைந்த விதம் சரியில்லை என்று உணர்ந்தவன்தான் புலியிடமிருந்து தப்பினான்.

பெரியவர்கள் பலர் இத்தகைய விளையாட்டுகளை 'வெட்டி வேலை' என்று ஒதுக்கி விடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல உளவியல் பாடம் ஒன்று இதில் இருக்கிறது. ஆனால் பாடத்தில் பாதியைத்தான் விளையாட்டு சொல்லித் தருகிறது. மற்றப் பாதியை நாம்தான் கற்றுக் கொள்ள வேண்டும். அதைக் கற்காவிட்டால் ஆபத்து என்பதே என் கருத்து.

கண் திறந்திருந்தும் காணாதது

முதலில் விளையாட்டு சொல்லித் தரும் பாதியைப் பார்ப்போம்.

நம் கண் ஒரு புகைப்படக் கருவி என்று பலரும் நினைக்கிறார்கள். எதிரே உள்ளதையெல்லாம் அப்படியே படம் பிடித்து மூளையில் சேர்த்து வைத்துக் கொள்கிறது என்று எண்ணம். உண்மை அதுவன்று. மூளை எதில் கவனம் வைக்கிறதோ அதை மட்டும்தான் விவரமாக எடுத்துக் கொள்கிறது. மற்றவற்றை 'முன்பு போலத்தான் இருக்கும்' என்று தானாகவே நிரப்பிக் கொள்கிறது.

இதைக் காட்ட அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் இருவரும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். 1998-இல் அதன் முடிவு வெளிவந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். பேசிக் கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக் கொண்டு இருவருக்கும் நடுவே புகுந்து போவார்கள். கதவு மறைத்த அந்தச் சில நொடிகளில் வழி கேட்டவர் மாறி, வேறொருவர் அதே இடத்தில் நின்று பேச்சைத் தொடர்வார். உயரம் வேறு, உடை வேறு, குரல் வேறு. இருந்தும் சோதிக்கப்பட்ட 15 பேரில் 7 பேர்தான் ஆள் மாறியதைக் கவனித்தார்கள்! மற்ற 8 பேரும் வழி சொல்லிக் கொண்டே இருந்தார்கள்.

அந்த 8 பேருக்கும் பார்வைக் கோளாறு ஏதும் இல்லை. அவர்கள் கவனம் வழி சொல்வதில் இருந்தது, எதிரே நின்ற முகத்தில் இல்லை. இதை 'மாற்றம் அறியாமை' என்று சொல்லலாம்.

சரி, கவனத்தை ஒரே இடத்தில் வைத்தால் போதுமா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையினர் ராடார் திரையை மணிக்கணக்காகப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியிருந்தது. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். நேரம் ஆக ஆக அதைத் தவற விட்டார்கள். ஏன் என்று அறிய நார்மன் மாக்வொர்த் என்பவர் ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் ஒவ்வொரு நொடியும் ஓர் அடி நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டடி தாவும். அந்தத் தாவலைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. 1948-இல் அவர் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? முதல் அரை மணி நேரத்திலேயே மனிதனின் கூர்மை மழுங்கத் தொடங்கி விடுகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். 2005-இல் ஜெரமி உல்ஃப் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிப்பது போல, குழப்பமான படங்களில் ஒரு கருவியைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் அந்தக் கருவி இருந்தபோது, நூற்றுக்கு 7 முறைதான் தவற விட்டார்கள். நூறு படங்களில் ஒன்றில் மட்டுமே இருந்தபோது, நூற்றுக்கு 30 முறை தவற விட்டார்கள். அபூர்வமாக வருவதை நாம் அதிகம் தவற விடுகிறோம். 'எங்கே இருக்கப் போகிறது' என்று மூளை சலித்துப் போய் விடுகிறது.

இங்கேதான் விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள முதல் வேறுபாடு. விளையாட்டில் சில நிமிடங்களுக்கு ஒரு முறையாவது ஏதாவது மாறும். வாழ்க்கையில் மாதக் கணக்காக ஒன்றும் மாறாது. பிறகு ஒரு நாள் மாறும்.

இரண்டு விதத் தவறுகள்

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. மாற்றத்தைத் தவற விட்டாலும் தண்டனை. இல்லாத மாற்றத்தை இருப்பதாக எண்ணித் திரும்பி ஓடினாலும் அதே தண்டனை. கண்டுபிடிக்கும் வேலையில் இரண்டு விதத் தவறுகள் உண்டு என்பதை இது அழகாகக் காட்டி விடுகிறது. ஒன்று தவற விடுதல். மற்றொன்று பொய் எச்சரிக்கை.

'புலி வருது, புலி வருது' என்று கூவிய ஆட்டிடையன் கதை உங்களுக்குத் தெரியும். பொய் எச்சரிக்கை அதிகமானால் உண்மையான எச்சரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். அதற்குப் பயந்து வாய் மூடி இருந்தாலோ புலி உண்மையாகவே வரும்போது ஆடு போய் விடும்.

இரண்டு தவறுகளுக்கும் எப்போதும் ஒரே விலை இல்லை என்பதையும் கவனியுங்கள். 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூர் பெரியகுப்பம் பகுதி மக்களுக்கு மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. கடலடியில் போடப்பட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்திருந்தது. கப்பலிலிருந்து ஓர் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டு வரும் குழாய் அது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு இரவோடிரவாக வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 'வழக்கமான நாற்றம்தான், தூங்குவோம்' என்று அவர்கள் புரண்டு படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தகைய இடங்களில் பத்து முறை வீணாக வெளியே வந்தாலும் குற்றமில்லை. ஒரு முறை தவற விடுவதுதான் குற்றம்.

இதை வேலையாகவே செய்பவர்கள்

அத்திப்பட்டு வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் இந்த விளையாட்டைத் தினமும் வேலையாகச் செய்பவர் ஒருவர் உண்டு. அவரைக் கீமேன் என்பார்கள். தமக்கு ஒதுக்கப்பட்ட தூரத்தை அவர் தினமும் நடந்தே பார்க்க வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் சிவப்புக் கொடியும் இருக்கும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிடிப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா, இணைப்பில் ஆணி தளர்ந்திருக்கிறதா, எங்கேனும் விரிசல் உண்டா என்று பார்த்துக் கொண்டே போவார். மயிரிழை போன்ற ஒரு விரிசல், குளிர் நாளில் இரும்பு சுருங்கும்போது முழு முறிவாகி விடலாம். கண்டுபிடித்தால் கொடி காட்டி ரயிலை நிறுத்துவார். தவற விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய கண்ணும் நம்முடையதைப் போன்றதுதான். அதுவும் சலிக்கும், மழுங்கும். அப்படியானால் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தனி மனிதரின் கூர்மையை மட்டும் நம்பாமல் ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். ஒரே பாதை, தினமும் நடை, எதை எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசை, கண்டதை எழுதி வைத்தல்.

ரயில் ஓட்டுநரும் இப்படித்தான். சிக்னல் கண்ணில் பட்டதும் அவரும் உதவி ஓட்டுநரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக் கொள்வார்கள். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் ஒரு படி மேலே போய், விரலால் சுட்டிக் காட்டியே சொல்வார்கள். அந்நாட்டு ரயில்வே ஆராய்ச்சிக் கழகம் 1994-இல் செய்த சோதனையில், சுட்டிக் காட்டி வாய்விட்டுச் சொன்னபோது தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்தால் மனம் தூங்க முடியாதல்லவா?

என் அக்காள் மகன் எண்ணிக் கொண்டிருந்ததும் இதைத்தான். 'விளம்பரம் ஆறு, கதவு மூன்று' என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக் கொண்டே நடந்தான். யாரும் சொல்லித் தராமல் கீமேனின் வழியை அவன் கண்டுபிடித்திருந்தான். அதற்காக அவனைப் பாராட்டினேன்.

விளையாட்டு சொல்லித் தராதது

அவன் எட்டாவது வழியில் வெளியேறி, வெற்றிக் களிப்பில் ஜன்னலைத் திறந்தான். குப்பென்று ஒரு வாடை அடித்தது. எரிந்த நிலக்கரியும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த வாடை.

"என்னடா இது வாடை?" என்று கேட்டேன்.

"எந்த வாடை மாமா?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள். காலையில்தான் அக்காள் துடைத்திருந்தாளாம். "இதைப் பார்த்தாயா?" என்று விரலைக் காட்டினேன்.

"அது எப்பவும் இருக்கிறதுதானே மாமா" என்றான்.

கதவின் கைப்பிடி சில அங்குலம் நகர்ந்ததைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, தன் வீட்டு ஜன்னலில் படிந்த தூள் தெரியவில்லை. இதில் அவன் தவறு ஏதுமில்லை. ஒரே வாடையை விடாமல் முகர்ந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கின் உணர்வு மங்கி விடும். மூக்கிலுள்ள உணர் செல்களும் மூளையும் அதற்குப் பழகிப் போகின்றன. அதனால்தான் விருந்தாளிக்குத் தெரியும் வாடை வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. இயற்கை இப்படி அமைத்ததற்குக் காரணம் உண்டு. பழையதைத் தள்ளி வைத்தால்தான் புதியதைக் கவனிக்க இடம் கிடைக்கும். ஆனால் பழையது நல்லதா கெட்டதா என்று மூக்கு விசாரிப்பதில்லை.

இதுதான் விளையாட்டு சொல்லித் தராத பாதி. 'எட்டாம் எண் வழி'யில் சரியான சுரங்கப்பாதை எது என்று முதலிலேயே காட்டி விடுகிறார்கள். அது மாறுவதே இல்லை. நம் ஊருக்கு அப்படி ஒரு முதல் சுற்று உண்டா? நாம் பிறந்தபோது எப்படி இருந்ததோ அதையே 'சரியான நிலை' என்று எடுத்துக் கொள்கிறோம். நம் தாத்தாவுக்கு அது மாற்றமாக இருந்திருக்கும். நமக்கு அது வழக்கம்.

டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி இதை 1995-இல் எழுதினார். ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது கடலில் இருந்த மீன் அளவையே தொடக்கமாகக் கொள்கிறார். அடுத்த தலைமுறை இன்னும் குறைந்த அளவைத் தொடக்கமாகக் கொள்கிறது. இப்படி அளவுகோலே இறங்கிக் கொண்டு போவதால், எவ்வளவு இழந்தோம் என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. இதை 'நகரும் அளவுகோல்' என்போம்.

காணாமல் போகும் நீர்

உங்களில் பலர் 'சிட்டிசன்' திரைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2001-இல் வந்தது. அதில் அத்திப்பட்டி என்ற மீனவ ஊர் வரைபடத்திலிருந்தே காணாமல் போய் விடும். அது கற்பனை ஊர்; நம் அத்திப்பட்டு அல்ல. ஆனால் பெயர் மட்டும் அல்லாமல் வேறொன்றும் பொருந்தி விட்டது என்பதுதான் விந்தை.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். அலையேற்றத்தின்போது கடல் நீர் உள்ளே வரும். வடியும்போது வெளியே போகும். இறாலும் நண்டும் மீனும் அங்கே வளரும். பெருமழையில் வெள்ளம் தங்கி வடிவதற்கும் அதுவே இடம். 1990-களில் இங்கு வட சென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பிறகு வல்லூர் அனல் மின் நிலையம் வந்தது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போனது.

1996-இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழிமுகம் நீர்ப்பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பின்னால் கிடைத்த வேறொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி இல்லை என்று 2017-இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வித்தியாசத்தைக் கண்டுபிடி' என்று சிறுவர் இதழ்களில் வருமே, அது போல! ஆனால் காணாமல் போயிருந்தது பொம்மையின் தொப்பி அல்ல, ஓர் ஆற்றின் வாய்.

அதே 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் கறுத்தது. நாடே பார்த்தது. வாளிகளில் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் கலந்தபோதும் எல்லாரும் பார்த்தார்கள். இவை விளையாட்டில் வரும் சிவப்பு வெள்ளத்தைப் போன்றவை. யாரும் தவற விட மாட்டார்கள். ஆண்டுக்குச் சிறிது சிறிதாக ஆற்றின் ஆழம் குறைவதோ கதவின் கைப்பிடியைப் போன்றது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும், அங்கே வலை வீசும் மீனவர்களும்தான். காலடியில் இருப்பது மணலா, சேறா, சாம்பலா என்று அவர்கள் பாதத்துக்குத் தெரியும். முன்பு எவ்வளவு ஆழம் இருந்தது என்று அவர்கள் அப்பாவும் தாத்தாவும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் அளவுகோல் நகரவில்லை.

'மின்சாரம் வேண்டாமா? தொழிற்சாலை வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அக்காள் மகனின் கணிப்பொறி ஓடுவதே மின்சாரத்தில்தான். அந்தத் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்த ஆலைகளில் வரும் சம்பளத்தில்தான். நான் சொல்ல வருவது வேறு. எது எவ்வளவு மாறியது என்று தெரிந்தால்தான், எதை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்ய முடியும். தெரியாமலே ஏற்றுக் கொள்வது சுற்றை எண்ணாமல் நேரே நடப்பதற்குச் சமம். அங்கே பலகையில் சுழியம் வந்தால் மறுபடி தொடங்கலாம். ஆற்றுக்கு மறுசுற்று எளிதில் கிடைக்காது.

நாம் என்ன செய்யலாம்?

விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும். விளையாடி முடித்தபின், அதில் கற்ற கலையை வெளியே கொண்டு வாருங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

உங்கள் வீட்டுக்கு அருகே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தெருமுனையோ, குளக்கரையோ, பள்ளி மைதானமோ, எதுவானாலும் சரி. ரயில் பாதையிலும் ஆற்றுக்குள்ளும் மட்டும் இறங்காதீர்கள். அது பழகியவர்களின் வேலை. வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரத்தில் அங்கே நில்லுங்கள். முதல் பக்கத்தில் இன்று என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். எத்தனை மரம், தண்ணீர் எந்தக் கல் வரை, என்ன நிறம், என்ன வாடை, என்ன பறவை. அதுதான் உங்கள் முதல் சுற்று. பிறகு வாரா வாரம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மாறியதையும் மாறாததையும் குறியுங்கள். 'மாற்றமில்லை' என்று எழுதுவதும் ஒரு குறிப்புதான். அலைபேசி இருந்தால் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

காற்றில் தூள் விழுகிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை. ஒரே மாதிரியான இரண்டு வெள்ளைத் தட்டுகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றை மொட்டை மாடியில் திறந்து வையுங்கள். மற்றொன்றை வீட்டுக்குள் மூடி வையுங்கள். மழையில்லாத ஒரு வாரம் கழித்து இரண்டையும் வெள்ளைப் பஞ்சால் துடைத்து ஒப்பிடுங்கள். பஞ்சைத் தேதி எழுதி நோட்டில் ஒட்டி வையுங்கள். மூக்கு மறந்தாலும் பஞ்சு மறக்காது.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் வயதில் மூத்த ஒருவரிடம் போய், "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப இந்த இடம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். முதுமையில் நினைவு சற்றுப் பிசகலாம். எனவே இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். உங்கள் முதல் சுற்றுக்கும் முந்தைய சுற்று அவர்களிடம்தான் இருக்கிறது.

நான் அன்று மாலை புறப்பட்டபோது அக்காள் மகன் ரயில் நிலையம் வரை கூட வந்தான். நடைமேடையில் நின்றபடி மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "மாமா, இப்ப லேசாத் தெரியுது" என்றான். மறு வாரம் அலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நோட்டில் இரண்டு பஞ்சுகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று வெள்ளை. மற்றொன்று என்ன நிறம் என்று நான் சொல்லப் போவதில்லை.

உங்கள் வீட்டு மாடியில் அது என்ன நிறம் என்று நீங்களே பார்த்து எழுதுங்கள்.